கீரி வாங்கிய இரண்டாவது விமானம்

வற்றிய ஏரிக்கரையில் செவலை என்றொரு கீரி இருந்தது. ரிமோட்டில் பொம்மை விமானம் ஓட்டுவதென்றால் அதற்கு உயிர். புதிதாகக் கற்பவர்களுக்கான பழகு விமானம் ஒன்றை ஓட்டி, அடிபடாமல் இறக்கக் கற்றிருந்தது.

"இனி எனக்கு இது போதாது" என்று, பொம்மை விமானங்கள் செய்து விற்கும் குரங்கின் பட்டறைக்குப் போனது.

குரங்கு ஒரு காவி நிற விமானத்தை எடுத்துக் காட்டியது. "பழையதைவிடக் கொஞ்சம் வேகம். தடுமாறினாலும் யோசிக்க நேரம் கொடுக்கும்."

செவலையின் கண் அதில் நிற்கவில்லை. மேலே தொங்கிய சிவப்புப் போர் விமானத்தையே பார்த்தது.

"அது வேண்டாமப்பா. உன் பழைய விமானம் சாய்ந்தால், ரிமோட்டிலிருந்து கையை எடுத்ததும் தானாக நிமிரும். அது நிமிராது. சாய்த்தபடியே போகும்" என்றது குரங்கு.

"நான் என்ன நேற்றா ஓட்ட ஆரம்பித்தேன்?" என்று செவலை சிவப்பையே வாங்கிக்கொண்டது.

ஏரிக்குள் வெறுந்தரையில் ஆட்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய் ஓட்டேன். முட்டை பொரிகிற நேரம்" என்றது.

"இத்தனை நாளும் உன் தலைக்கு மேல்தானே ஓட்டினேன். ஒருமுறையாவது விழுந்ததா?"

குருவி முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டது.

சிவப்பு விமானம் சீறிக்கொண்டு கரையைத் தாண்டியது. செவலை அதைத் திருப்பியது. தன் முகத்துக்கு நேராக விமானம் வந்தபோது இடது எது, வலது எது என்று குழம்பியது. பழைய பழக்கத்தில் கையை எடுத்துவிட்டது. விமானம் நிமிரவில்லை. சாய்ந்தபடியே தரையை நோக்கிப் பாய்ந்தது.

ஆட்காட்டி எழுந்து பறந்திருக்கலாம். பறக்கவில்லை. சிறகை விரித்து முட்டைகள்மேல் படுத்துக்கொண்டது. முட்டைகள் பிழைத்தன. விமானம் மோதி அதன் இடது சிறகு முறிந்தது.

செவலை ஓடிவந்தது. "தங்கச்சி..." என்று விமானத்தைத் தூக்கி அப்பால் வைத்தது.

"விழுந்ததற்கு உன்னைக் குறை சொல்லவில்லை, அண்ணே. ஓட்டத் தெரியவில்லை என்பதே உனக்குத் தெரியவில்லையே. அதுதான் பயமாக இருக்கிறது" என்றது குருவி.

குஞ்சுகள் பொரிந்து ஓடத் தொடங்கும்வரை, பாம்பு அண்டாமல் செவலை காவல் இருந்தது. பிறகு குரங்கிடம் போய்த் தலைகுனிந்து நின்றது.

"நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தேன். பாதியை அந்தப் பழைய விமானமே ஓட்டியிருக்கிறது. மீதியைக் கற்றுத்தருகிற ஒன்றைக் கொடு."

ஆட்காட்டி அதன்பின் பறக்கவே இல்லை. குஞ்சுகளோடு நடந்தே திரிந்தது.

நம் வெற்றியில் நம் திறமை எவ்வளவு, நம்மைத் தாங்கிய கருவியின் உதவி எவ்வளவு என்று அறிந்த பிறகே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.