வலப்பக்கத்து வீட்டுக் கூரை

கடலுக்கும் வரி போடலாமா என்று ராஜாக்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், மணல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. சின்ன ஊர்தான். நடுவில் ஒரு நன்னீர்க் கிணறு, அதைச் சுற்றி வட்டமாக இருபத்தேழு ஓலை வீடுகள், அதற்கு அப்பால் ஒருபுறம் காயல், மறுபுறம் கடல். அந்த ஊர்க்காரர்களின் கதைதான் இது. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த ஊருக்கு ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பெருங்காற்று வரும். வருவதற்கு முன்னால் சேதி சொல்லிவிட்டுத்தான் வரும். நண்டுகள் கரையை விட்டு மேட்டுக்கு ஏறும். கடற்பறவைகள் ஊருக்குள் வந்து கிணற்றடியில் உட்காரும். காற்றே இல்லாத நேரத்தில் கடல் மட்டும் உறுமும். இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் ஊரில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

யாரும் அலறவும் மாட்டார்கள். அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். கட்டுமரங்கள் மணல்மேட்டுக்கு ஏறும். அரிசிப் பானைகள் மண்ணுக்குள் இறங்கும். ஆடுமாடுகளைக் கட்டவிழ்த்து ஓட்டிவிடுவார்கள். கடைசியில் கூரைகளுக்குக் கயிறு விழும்.

இந்தக் கயிறு கட்டுவதில்தான் மணல்துறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். அங்கே எவரும் தன் வீட்டுக் கூரையைத் தான் கட்டமாட்டார். வாசலில் நின்றால் வலக்கைப் பக்கம் எந்த வீடோ, அந்த வீட்டைத்தான் கட்ட வேண்டும். அந்த வீட்டுக்காரர் தனக்கு வலப்பக்கத்து வீட்டைக் கட்டுவார். இப்படியே சுற்றி வந்தால் இருபத்தேழு வீடும் கட்டியாகிவிடும். ஏன் இப்படி என்று கேட்டால், தன் கூரையின் பின்சரிவு தன் கண்ணில் படாது, பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தினமும் பார்க்கிறார், எங்கே ஓலை இற்றிருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும் என்பார்கள். நியாயமான பேச்சுதான்.

வழக்கம் என்றால் அதற்குக் கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் கட்டிய கூரை காற்றில் போய்விட்டால், அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு யாரும் கயிறு போடமாட்டார்கள். ஒருவர் கட்டியதை இன்னொருவர் தொட்டு அவிழ்த்தால், அவிழ்த்தவருக்கும் அதே தண்டனைதான். கயிறு விழாத வீடு அடுத்த காற்றுக்குத் தாங்காது. ஆகவே அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

இந்த ஊரில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். கருவாடு போட்டுப் பிழைப்பவள். புருஷன் கடலோடு போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி இல்லை. அவள் வீட்டுக்கு வலப்பக்கம் கடம்பன் வீடு. கடம்பன் நல்ல மீன்காரன், நல்ல உழைப்பாளி. ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இரண்டு வீட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சொன்னால் சிரிக்கக் கூடாது. ஒரு பூசணிக்காய். விதை போட்டவள் உலகாயி, தண்ணீர் ஊற்றியவள் உலகாயி, கொடி மட்டும் அவளைக் கேட்காமல் கடம்பன் கூரையில் ஏறிக் காய்த்துவிட்டது. கடம்பன் அதைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டான். அவள் வந்து கேட்டாள். என் கூரையில் காய்த்தது என்னுடையது என்றான் அவன். அவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்பது சொல்ல, அன்றோடு முகம் பார்ப்பது நின்றது. கடம்பனின் மனைவி குயிலி மட்டும் கிணற்றடியில் உலகாயியைப் பார்த்தால் அக்கா என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள், புருஷனுக்குத் தெரியாமல்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும், ஒரு நாள் நண்டு மேட்டுக்கு ஏறியது, பறவை கிணற்றடிக்கு வந்தது, கடல் உறுமியது. காற்று மறுநாள் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கடம்பன் வீட்டில் அப்போது பிறந்து பன்னிரண்டே நாளான பெண் குழந்தை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. தும்மினால்கூட அப்பனுக்குத் தூக்கம் போய்விடும். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூரையை, அவனோடு மூன்று வருஷமாகப் பேசாத உலகாயி கட்ட வேண்டும். அவன் மனது எப்படி அடித்துக்கொண்டிருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விடிந்ததும் கடம்பன் தன் வலப்பக்கத்து வீட்டைக் கட்டப் போனான். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் உலகாயி வந்து, ஏறி, மூன்று கயிற்றைக் கூரைக்குக் குறுக்கே போட்டு, ஆறு முளை அடித்துக் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடம்பன் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கயிறு தொய்வாக இருந்தது. ஒன்று மட்டுமல்ல, மூன்றுமே நாலு விரல் தொய்வு. அவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பூசணிக்காய்க்குப் பழி என் பிள்ளை தலையிலா என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் முடிச்சில் கை வைத்தான்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்த குயிலி அதைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா கட்டினதை அவிழ்க்காதீங்க. ஒரு வார்த்தை போய்க் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

“அவகிட்ட நான் போய்க் கேக்கணுமா?” என்றான் கடம்பன்.

கேட்கவில்லை. ஆறு முடிச்சையும் அவிழ்த்தான். காலை முளையில் முட்டுக்கொடுத்து, நரம்பு புடைக்க இழுத்து, வீணைத் தந்திபோல விறைப்பாக ஆறு முடிச்சையும் போட்டான். ஊரில் எல்லாரும் அவரவர் கட்ட வேண்டிய கூரை மேல் இருந்ததால் இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மணல்துறையில் எல்லாரும் கூரைக்குப் போடுவது தேங்காய் நார்க் கயிறு. அது நனைந்தால் கொஞ்சம் இளகும், அதனால் இறுக்கிக் கட்ட வேண்டும். உலகாயி அன்றைக்குப் போட்டது சணல் கயிறு. அவள் புருஷனுடைய பாய்மரக் கயிறு அது. பத்து வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தாள். தன் வீட்டு நார்க் கயிறு இற்றுப்போயிருந்தது, பச்சைக் குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று பெட்டியைத் திறந்தாள். சணல் கயிறு நனைந்தால் சுருங்கும். அதற்கு நாலு விரல் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும்.

கடலுக்குப் போகிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். கையில் பிடித்த மாத்திரத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கயிறு எது என்று பார்க்கவில்லை, கட்டியவள் யார் என்று மட்டும் பார்த்தான். கோபம் வந்தால் கை கூடக் குருடாகிவிடுகிறது.

உச்சி வேளைக்கு மழை பிடித்தது. பின்னாலேயே காற்று வந்தது. மழை நனைக்க நனைக்கக் கயிறு சுருங்கியது. சுருங்கச் சுருங்க முளைகள் ஈர மணலிலிருந்து மேலே வந்தன. கடம்பன் உள்ளே இருந்தபடி முதல் முளை பிடுங்கிக்கொண்ட சத்தத்தைக் கேட்டான். ஓலை விலகிய ஓட்டை வழியாகக் கையை நீட்டி, காற்றில் ஆடிய கயிற்று நுனியைப் பிடித்தான். பிடித்ததும் அது சணல் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் இரண்டாவது முளையும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. அவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டான், குயிலியின் கையைப் பிடித்துக்கொண்டான், வெளியே ஓடினான். கூரை கயிற்றோடும் முளையோடும் எழும்பிக் காயலுக்குள் போய் விழுந்தது.

ஓடியவன் எங்கே போவான்? ஓடிய திசையில் முதலில் இருப்பது உலகாயி வீடு. அவன் கதவைத் தட்டுவதற்கு முன்பே உலகாயி கதவைத் திறந்து, குழந்தையை வாங்கித் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள். விளக்கு வைக்கும் நேரம்வரை காற்று அடித்தது. அவ்வளவு நேரமும் மூன்று பெரியவர்களும் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். உலகாயி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கடம்பன் அதைத் தொடாமல் வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் வானம் ஒன்றும் நடக்காததுபோல வெளுத்திருந்தது. இருபத்தாறு கூரைகள் நின்றன. ஒன்றைக் காணோம். ஊர் கூடியது. ஊர்த்தலைவர் சாத்தன் வந்து முளை இருந்த குழிகளைப் பார்த்தார். கயிறு காயலுக்குள் போய்விட்டது, முடிச்சைப் பார்க்க வழியில்லை. இது யார் கட்டு என்று கேட்டார்.

உலகாயி முன்னால் வந்து நின்றாள். தான்தான் கட்டியது என்றாள். சணல் கயிறு போட்டதாகவும், இடம் விட்டதாகவும், ஒருவேளை கணக்குத் தப்பி அதிகமாக விட்டுவிட்டோமோ என்றும் மெதுவாகச் சொன்னாள். ஐம்பது வயதுக்கு மேல் தனிக்கட்டையாக எந்த ஊருக்குப் போவாள்? அவளைப் போகச் சொல்லச் சாத்தனுக்கும் மனமில்லை. ஆனாலும் ஊர் வழக்கத்தைச் சொல்லத்தானே வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

குயிலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்தபடி நின்றாள்.

கடம்பனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேசாமல் இருந்தால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊரே சேர்ந்து புதுக் கூரை போட்டுக் கொடுக்கும். பேசினால் பச்சைக் குழந்தையோடு அவன்தான் ஊரை விட்டுப் போக வேண்டும். கூரை போனபோது வராத பயம் அவனுக்கு இப்போது வந்தது. மூன்று முறை வாயைத் திறந்தான், இரண்டு முறை மூடிக்கொண்டான்.

மூன்றாவது முறை, “அது அக்கா கட்டு இல்லை” என்றான். “அவங்க சரியாத்தான் கட்டினாங்க. போன பிறகு நான் அவிழ்த்து இறுக்கினேன்.”

ஏன் அப்படிச் செய்தாய் என்று சாத்தன் கேட்டார். கடம்பன் தலையைக் குனிந்துகொண்டு, அவள்மீது தனக்கு நம்பிக்கை இல்லை என்றான்.

உலகாயிக்கு அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்தது. ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தபோதுகூட அவள் அழவில்லை.

“பச்சப்புள்ள கிடக்கிற வீட்டுலயா நான் பகையைக் காட்டுவேன்? மூணு வருஷத்துல என்னைப் பத்தி நீ அவ்வளவுதான் தெரிஞ்சுக்கிட்டியா?” என்றாள்.

அவ்வளவு பெரிய ஆள் கடம்பன், ஊர் நடுவில், குழந்தைபோல விசும்பி அழுதான்.

சாத்தன் வழக்கத்தைச் சொன்னார். கட்டை அவிழ்த்தவன் வீட்டுக்கு இனி யாரும் கயிறு போட வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, கட்டு உலகாயியுடையது ஆனபடியால் கடைசி வார்த்தையும் அவளுடையதுதான் என்றார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சரி என்று அவள் தலையை ஆட்டியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

உலகாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூரை இல்லாமல் நின்ற நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தாள்.

“எனக்கு வேற வலப்பக்கம் ஏது? அடுத்த காத்துக்கும் நான்தான் கட்டுவேன்” என்று சொல்லிவிட்டு, காய வைத்த கருவாடு என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஊர் கூடிக் கடம்பனுக்குப் புதுக் கூரை போட்டது. நாலு வருஷம் கழித்து நண்டு மறுபடியும் மேட்டுக்கு ஏறியது, பறவை கிணற்றடிக்கு வந்தது, கடல் உறுமியது. உலகாயி கயிற்றுச் சுருளோடு கடம்பன் கூரை மேல் ஏறினாள். கடம்பன் தன் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வலப்பக்கத்து வீட்டுக்கு நடந்தான். வேலை முடிந்து திரும்பி வந்தவன், தன் வீட்டுக் கயிறு எதையும் தொட்டுப் பார்க்காமல் நேரே உள்ளே போய், மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். மழை பிடிக்கும்போது அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

செய்த காரியத்தைப் பார்க்காமல் செய்தவர் யார் என்று மட்டும் பார்க்கிறவன், தனக்கு வந்த உதவியைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வான் என்பதுதான், கேட்டிருந்தவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி.