பாறை யாருக்கு?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது அலைச் சத்தம் உள்ள கதை, தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எதைக் கேட்டாலும் "தெரியும், தெரியும்" என்று சொல்வது அதன் வழக்கம். அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் பழமும் இல்லை, கிழங்கும் இல்லை. மூன்று நாள் பட்டினியோடு கரடி கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

அங்கே கரை முழுக்கக் கல். ஒரு கல்லில் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக ஓட்டை. கரடி ஆசையோடு நக்கியது. ஒரே உப்பு! இன்னொரு கல், அலை வந்து மோதும்போதெல்லாம் 'புஸ்' என்று மூச்சு விட்டது. கரடிக்குத் தலை சுற்றியது.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற நீர்நாய் கூப்பிட்டது. "கரடியண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. பாறை கூட்டமா வருது!"

கரடி சுற்றிலும் பார்த்தது. எல்லாப் பாறைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"தெரியும், தெரியும்" என்றது.

"போன வாரம் வந்த பாறைக்கு என்ன கொழுப்பு!"

பாறை வருமா? அதற்குக் கொழுப்பு வேறு இருக்குமா? கரடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டது.

"தண்ணி இந்தப் பள்ளத்துக்குள்ளே ஏறினதும், அந்தக் கல்லை உருட்டி இந்த இடுக்கை அடைச்சிடுங்கண்ணே. வடிஞ்சதும் உள்ளே மாட்டினதெல்லாம் நமக்கு."

கரடி மூச்சு முட்ட உருட்டி அடைத்தது. தண்ணீர் வடிந்தது. பள்ளத்தில் மீன்கள் பளபளவென்று துள்ளின.

"கல்லை உருட்டினது நான். பெரிய பங்கு எனக்கு!" என்று கரடி உறுமியது.

"சரிண்ணே. பாறை மட்டும் எனக்கு, மத்ததெல்லாம் உங்களுக்கு. பாறைன்னா என்னன்னு தெரியும்ல?"

'கல்லுக்கு ஆசைப்படுகிற மடப்பயல்!' என்று கரடி உள்ளுக்குள் சிரித்தது. "தெரியும், தெரியும். சம்மதம்!"

நீர்நாய் பள்ளத்தில் குதித்தது. ஒரு மீனைக் கவ்வி வளைக்குக் கொண்டுபோனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"ஏய், அது மீனுடா!"

"மீன்தாண்ணே. இந்த மீனுக்குப் பேரே பாறைதான். இங்க மாட்டினது எல்லாமே பாறை."

பள்ளத்தில் பாசியும் கிளிஞ்சலும் மிஞ்சின. கரடி பாசியை மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

நீர்நாய் கடைசி மீனைக் காலால் அமுக்கிக்கொண்டு கேட்டது. "இப்பச் சொல்லுங்க. பாறைன்னா என்னன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரி..." என்று ஆரம்பித்தது கரடி. வயிறு கடகடவென்று இரைந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"தெரியாது தம்பி."

நீர்நாய் காலை எடுத்தது. அந்தக் கடைசிப் பாறையை மூக்காலேயே தள்ளித் தள்ளி, கரடியின் முன்னால் கொண்டுவந்து விட்டது.

நீதி: தெரியாததைத் தெரியும் என்பவன், தன் பங்கைத் தானே இழப்பான்.