நியானும் கடைசி வடையும்

வேதியியல் வாய்மொழித் தேர்வு நடத்த வந்த சடகோபன் ஐயா யாருக்கும் மார்க் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. கோவில்பட்டிக் கல்லூரியில் அவர் முன்னால் கடைசியாகப் போய் நின்றாள் பேச்சியம்மாள். ஐயா அப்போதுதான் துறைத்தலைவர் தட்டில் இருந்த ஒற்றை வடையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தனிம அட்டவணையில வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான் மேல ஆசை கூடுது. ஃபுளூரின் பிடுங்கியே தின்னும். அடுத்த கட்டத்துல இருக்கிற நியான் மட்டும் ஏன் தொடாது? இந்த அறைக்குள்ளயே உதாரணம் காட்டு. இல்லேன்னா ஃபெயில்!"

அந்நேரம் பியூன் சுடச்சுட வடைத்தட்டை நீட்டினார். "ஐயோ, வேண்டாம்ப்பா, வயிறு நிறைஞ்சிருச்சு" என்றார் ஐயா.

"இதோ உதாரணம், ஐயா! வயித்துல ஒரு வடைக்கு இடம் இருந்தப்ப நீங்க ஃபுளூரின். பக்கத்துத் தட்டுல இருந்தே எடுத்தீங்க. அது உள்ள போனதும் நிறைஞ்சுபோய் நியான் ஆயிட்டீங்க. மந்த வாயு! இனி வாங்கவும் மாட்டீங்க, கொடுக்கவும் மாட்டீங்க."

"எதைக் கொடுக்க மாட்டேன்?"

"மார்க்கைத்தான். கொடுக்கலேன்னா என் பதில் சரின்னு ஆயிருமே, ஐயா!"

துறைத்தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஐயா வேறு வழியில்லாமல் முழு மார்க்கையும் போட்டுவிட்டு, "நான் ஒண்ணும் மந்த வாயு இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

ஏப்பம் முந்திக்கொண்டது.