விசிட்டிங் கார்டுக்கு முகூர்த்த நேரம்

கோயமுத்தூரிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறுங்கள். எந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது கண்டக்டர் சிரிக்கிறாரோ அங்கே இறங்கினால், அதுதான் சீத்தக்காட்டுப்புதூர். இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். "போதும்" என்று சொல்ல மறந்துவிட்டால் அது சொன்னவர் தலையெழுத்து.

இந்த ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிளஸ் டூ எலக்ட்ரிகல் பிரிவில் ஒரே ஒரு பிள்ளையைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுத்து, டிப்ளமோவும் படிக்க வைப்பார்களாம். வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வருவார். பிள்ளைகள் என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்தும் அனுப்பியிருந்தார்கள். பயோடேட்டா, ஒரு பக்கம். போட்டோ, வெள்ளைப் பின்னணியில். விசிட்டிங் கார்டு அச்சிட்டு, தொழில்துறையில் உதவக்கூடியவர்களிடம் கொடுத்து அறிமுகமாகிக்கொள்ளவும். முப்பது விநாடி சுய அறிமுகம். செய்த வேலையின் மாதிரி ஒன்று.

எல்லாம் நல்ல தமிழ். நானும் படித்தேன். புரியாமல் போக அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆபத்தே புரிந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

உடனே ஒரு வழிகாட்டும் குழு அமைந்தது. ஹெட்மாஸ்டர் சிங்காரவேலு தலைவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்திருக்கும் நாச்சிமுத்து, பெற்றோர் சங்கத்தின் சார்பில். மூன்றாவது, கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சுமாக பி.டி. மாஸ்டர் ரத்தினசபாபதி.

எலக்ட்ரிகல் பிரிவில் மொத்தம் பதினோரு பேர். வழிகாட்டப் போவது இந்த மூவர் என்று தெரிந்ததுமே பத்துப் பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. புத்திசாலிப் பிள்ளைகள். மிச்சம் நின்றவள் சிந்துஜா. அவளுக்குக் காய்ச்சல் வர வசதியில்லை. இந்த இடம் கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே அக்காவோடு பனியன் கம்பெனிக்குப் போய்த் துணி மடிக்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கோ, எரிந்துபோன மோட்டாரைக் கண்டால் மற்ற பெண்களுக்கு மல்லிகைப்பூவைக் கண்ட மாதிரி. பள்ளிக்கூடக் கிணற்று மோட்டாருக்குத் தனியாளாகச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி ஓடவைத்தவள் அவள்தான்.

சிந்துஜா பயோடேட்டாவைத் தானே எழுதிக் கொண்டுவந்தாள். பெயர், படிப்பு, தெரிந்த வேலை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

"ஒரு பக்கம்னு போட்டிருக்குது. இது அரைப் பக்கந்தானே அம்மிணி?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அர்த்தங்க சார்."

"மேலயும் போகக் கூடாது, கீழயும் நிக்கக் கூடாது. ஒரு பக்கம்னா ஒரு பக்கம்."

நிரப்பினார்கள். தடுப்பூசி போட்ட தேதிகளை எழுதினார்கள். மூன்றாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய இரண்டாம் பரிசை எழுதினார்கள். பெரியப்பா மிலிட்டரியில் இருந்ததை எழுதினார்கள். இடம் தீர்ந்தது, விவரம் தீரவில்லை.

"ரெண்டாம் பக்கம் போனா தப்பாயிடுமுங்க," என்றார் ரத்தினசபாபதி கவலையோடு.

நாச்சிமுத்து யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்குச் செலவு. "பக்கம் ஒண்ணுன்னுதானுங்க சொல்லியிருக்குது. எத்தனை பெருசுன்னு சொல்லலையே?" என்று பிரஸ்ஸுக்குப் போய், கோயில் திருவிழா போஸ்டர் அடிக்கிற தாளைக் கொண்டுவந்தார். மூன்றடி உயரம். ஒரே பக்கம். சிந்துஜாவின் வாழ்க்கை அதில் தாராளமாக அடங்கி, கீழே பிரஸ்ஸின் போன் நம்பருக்கும் இடம் இருந்தது.

அடுத்தது போட்டோ. வெள்ளைப் பின்னணிக்கு ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. ஆனால் அப்புறம் இவர்களுக்குக் குழு எதற்கு? சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். காயும்வரை பொறுக்காமல் சிந்துஜாவை அதில் நன்றாகச் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். போட்டோ நன்றாக வந்தது. பெண்ணின் முதுகு, ஜடை எல்லாம் வெள்ளை.

"நல்லதுதான்," என்றார் ஹெட்மாஸ்டர். "இனி எங்க போனாலும் பின்னணி கூடவே வரும்."

முப்பது விநாடி அறிமுகத்துக்கு ரத்தினசபாபதி பொறுப்பு. சிந்துஜா மூச்சு வாங்காமல் தெளிவாகச் சொல்லி முடித்தாள். அவர் வாட்சைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இருபத்திரண்டு செகண்டுதான் ஆச்சு. மீதி எட்டு செகண்டை என்ன பண்ணப் போற?"

"அதான் சொல்லி முடிச்சுட்டனேங்க சார்."

"வாங்குன நேரத்தை மிச்சம் வைக்கறது மரியாதை இல்லை. எட்டு செகண்டும் அவங்க கண்ணையே பார்த்துட்டு நில்லு. முப்பதாவது செகண்டுல நான் விசில் ஊதறேன். அப்புறம் கண்ணைச் சிமிட்டலாம்."

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். விசிட்டிங் கார்டு வேலை நாச்சிமுத்துவின் பிரஸ்ஸுக்குப் போனதுதான் வினை. முப்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை தவிர வேறொன்றையும் அறியாத பிரஸ் அது. கார்டு வந்தது. மேலே பிள்ளையார். அதன் கீழே 'திருநிறைச்செல்வி சிந்துஜா, எலக்ட்ரிகல் பிரிவு'. அதற்கும் கீழே வெள்ளிக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, பள்ளி அரங்கம். நான்கு மூலையிலும் மஞ்சள்.

"நேரம் எதுக்குங்க மாமா?" என்றாள் சிந்துஜா, அழாத குறையாக.

"நேரம் போடாம ஒரு கார்டா? வாங்கறவங்க என்ன நினைப்பாங்க? நல்லவேளை, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம்னு கீழ சின்னதாப் போட்டு, அதைப் பொருட்படுத்த வேண்டாம்னும் போட்டுட்டேன்."

கார்டைக் கையில் திணித்துவிட்டு வருவது புதூரில் வழக்கமில்லை. வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், நடுவில் கார்டு. தொழில்துறையில் உதவக்கூடியவர்கள் என்று குழு ஒரு பட்டியல் போட்டது. மோட்டார் ரீவைண்டிங் கடை, கரண்டு ஆபீஸ் லைன்மேன், மைக்செட்காரர், போர்வெல் வண்டிக்காரர், டூவீலர் மெக்கானிக் நான்கு பேர், மிக்ஸி ரிப்பேர்காரர். அவர்களை மட்டும் கூப்பிட்டால் பங்காளிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று பங்காளிகளும். சிந்துஜாவின் அப்பா அம்மாவை முன்னால் நிறுத்தி, வீடு வீடாகப் போய்த் தட்டை நீட்டினார்கள். தட்டை நீட்டினால் வாயில் தானாக வருவதும் வந்தது.

"குடும்பத்தோட வந்துருங்க. டிபன் எட்டு மணிக்கே."

"மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று கேட்டார் லைன்மேன்.

"மாப்பிள்ளையெல்லாம் இல்லீங்க. கம்பெனிதான் வந்து பார்க்குது," என்றார் சிந்துஜாவின் அப்பா.

"கம்பெனியே வருதா! பெரிய இடமுங்க," என்று அவர் குங்குமம் எடுத்துக்கொண்டார்.

வியாழன் சாயங்காலம் கடைசி வரிக்கு வந்தார்கள். செய்த வேலையின் மாதிரி. சிந்துஜா சின்னதாக ஒரு காயில் சுற்றி, அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள்.

"இதா நீ செஞ்ச பெரிய வேலை?" என்றார் ஹெட்மாஸ்டர். "கிணத்து மோட்டார் என்னாச்சு?"

"அது ஓடிட்டிருக்குங்க சார்."

"ஓடறதை எப்படிக் கொண்டுவந்து காட்டறது? நிறுத்திக் கழட்டணும்."

மறுநாள் விடியற்காலையில் கழற்றினார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அதிகாரிக்கும் ஒரு நாற்காலி. அதற்கு மாலை இல்லை.

எட்டு மணிக்கு நூற்றெண்பது பேர் பட்டுச்சேலையும் பிள்ளைக்குட்டியுமாக வந்து இறங்கினார்கள். மைக்செட்காரர் அன்பளிப்பாக நாலு ஸ்பீக்கர் கட்டினார். கேசரி, உப்புமா, சாம்பார், இலை போட்டு. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் குடிக்கத்தான் காணும். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்து குழாயடிக்குப் போய்க் குழாயைத் திருகினார்கள். காற்று வந்தது.

பத்தரைக்குக் கம்பெனி அதிகாரி வித்யாவதி மேடம் காரை விட்டு இறங்கி அரங்கத்துக்குள் வந்தபோது, நூற்றெண்பது பேர் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். "இத்தனை பேருமா ட்ரெயினிங்குக்குப் பேர் கொடுக்கறாங்க?"

"கை காயுதுங்க மேடம்," என்றார் ஹெட்மாஸ்டர். உண்மையும் அதுதான்.

மூன்றடி பயோடேட்டாவை இரண்டு பேர் பிடித்துக் காட்டினார்கள். சிந்துஜா அறிமுகம் சொன்னாள். சொல்லிவிட்டு எட்டு விநாடி மேடத்தின் கண்ணையே பார்த்தாள். மேடம் ஓரடி பின்னால் போனார். விசில் ஒலித்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மோட்டார்.

"இது எதுக்கு இங்க?"

"நான் காயில் கட்டினதுங்க மேடம். கிணத்துல இருந்து கழட்டிட்டாங்க." சிந்துஜா ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். "நான் வேணாம்னு சொன்னேன்."

அதற்குள் கூட்டத்தில் காய்ந்த கைகளோடு கோபமும் ஏற ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துகிறார்களா என்று போர்வெல்காரர் சத்தம் போட்டார். தாலுக்காவில் உள்ள அத்தனை மெக்கானிக்கும் அங்கேதான் இருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எச்சில் கையோடு எப்படி ஸ்பானர் பிடிப்பது என்று ஒருவரும் நகரவில்லை.

சாப்பிடாதவள் சிந்துஜா ஒருத்திதான். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவை இடது கையால் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மோட்டாரை மாலையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். போல்ட்டை முடுக்கினாள். ஒயரைக் கொடுத்தாள். பம்புக்குள் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுத்தால்தான் ஓடும். ஊற்றத் தண்ணீர் இல்லை. மேடம் குடித்த பிறகே மற்றவர்களுக்கு என்று ஹெட்மாஸ்டர் பூட்டி வைத்திருந்த எலுமிச்சை ஜூஸ் அண்டா இருந்தது. அதைத் தூக்கிவந்து ஊற்றி, சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஜூஸ் வந்தது. ஏழெட்டுப் பேர் டம்ளர் பிடித்தார்கள். பிறகு தண்ணீர் வந்தது. நூற்றெண்பது கைகளும் இறங்கின.

வித்யாவதி மேடம் கிணற்றடியிலேயே பயிற்சிக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். "பரீட்சை முடிஞ்ச அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துடும்மா," என்றார். சிந்துஜாவின் அப்பா அவசரமாகப் பக்கத்தில் இருந்த குங்குமத் தட்டை நீட்டினார்.

"பார்த்தீங்களா," என்றார் நாச்சிமுத்து. "போஸ்டர் சைஸ் போட்டதாலதானுங்க கிடைச்சுது."

"விசில்," என்றார் ரத்தினசபாபதி.

மேடம் காரில் ஏறும்முன், "ஏதாவது வேணும்னா பேசுங்க," என்று பையிலிருந்து தன்னுடைய விசிட்டிங் கார்டை எடுத்து ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். குழு அன்று மதியமே கூடியது.

"தட்டு இல்லாம ஒத்தைக் கையில கொடுத்தாங்க," என்றார் ஹெட்மாஸ்டர்.

"பட்டணத்து வழக்கம் அப்படி இருக்குமுங்க. மனசுல அன்பு இருக்குது," என்றார் ரத்தினசபாபதி.

"அட்ரஸ் போட்டிருக்குது. நாள், நேரம் போடலையே?"

நாச்சிமுத்து கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போடலைன்னா எப்ப வேணாலும் வரலாம்னு அர்த்தமுங்க. நம்ம புள்ள சேர்ற அன்னைக்கே போயிரலாம்."

பரீட்சை முடிந்து, சிந்துஜா வேலையில் சேர்ந்த முதல் நாள். பதினொரு மணி. கேட்டிலிருந்து செக்யூரிட்டி மேடத்துக்குப் போன் செய்தார்.

"மேடம், ரெண்டு வேன்ல ஆளுங்க வந்திருக்காங்க. நீங்க பத்திரிகை வெச்சு அழைச்சீங்களாம். மொதப் பந்தி எத்தனை மணிக்குன்னு கேக்கறாங்க."

"யாரு? எந்த ஊரு?"

"சீத்தக்காட்டுப்புதூர், மேடம். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு சீர் கொண்டாந்திருக்காங்க. பழத்தட்டு ஒன்பது. அப்புறம் மாலை போட்ட மோட்டார் ஒண்ணு."

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். செக்யூரிட்டியே தொடர்ந்தார்.

"அதோட, சிந்துஜான்னு ஒரு பொண்ணுக்கு அரை நாள் லீவு வேணுமாம் மேடம். அவங்க பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஆண்டு விழாவாம். முந்நூறு பேரு சாப்பிட்டுட்டுக் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்களாம்."