பச்சையில் போன லாரி

அரசாங்க ஆபீசில் குரு, சீடன் என்றெல்லாம் பதவி கிடையாது. ஆனாலும் மலைப்பாதை இறங்குகிற இடத்தில் இருந்த அந்தச் சோதனைச் சாவடியில், மோட்டார் வாகன ஆய்வாளர் மங்கையர்க்கரசியை எல்லோரும் குரு என்றுதான் சொன்னார்கள். லாரிக்கு அடியில் படுத்து இருபது வருஷம் பிரேக் பார்த்தவர். அவரிடம் தொழில் கற்க வந்த ஐசக் ஜெபராஜுக்கு அவரைவிட ஆறு வயது கூட. கோப்புக் கட்டியே காலம் தள்ளிவிட்டு, பதவி உயர்வில் சாலைக்கு வந்த மனிதர்.

வேலை என்னவோ சுலபம்தான். வருகிற லாரியின் எண்ணை டேப்லெட்டில் தட்டினால் அந்தக் கம்பெனியின் புள்ளி தெரியும். பிடிபட்ட ஒவ்வொரு குறைக்கும் புள்ளி ஏறும். ஏறியிருந்தால் சிவப்பு, நிறுத்த வேண்டும். ஏறாவிட்டால் பச்சை, விட்டுவிடலாம். எல்லா லாரியையும் நிறுத்த இங்கே ஆள் ஏது?

செவ்வாய்க்கிழமை ஐசக் கைகாட்டி அனுப்பிய ஒரு பச்சை லாரி, மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் போய் முன்னால் சென்ற வேனை இடித்துத் தள்ளியது. தக்காளி பறிக்கப் போன நான்கு பெண்கள் செத்துப்போனார்கள்.

வியாழக்கிழமை காலையில், அவர்களில் ஒருத்தியின் அப்பா சாவடிக்கு வந்தார். கத்தவில்லை, சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த வண்டியப் பார்த்துட்டுத்தான் விட்டீங்களா சாமி?"

"உட்காருங்கய்யா, வந்து சொல்றேன்" என்று மட்டும் ஐசக் சொன்னார். பெரியவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மங்கையர்க்கரசியைப் பார்த்ததும் ஐசக் உடைந்துபோனார்.

"அவருக்கு நான் என்ன மேடம் சொல்றது? பச்சைன்னு காட்டுச்சு, விட்டேன். என் மேல தப்பா?"

"அந்தக் கம்பெனியத் திறங்க சார். மூணு வருஷத்துல எத்தனை குறை?"

"பூஜ்யம்."

"எத்தனை தடவை நிறுத்திப் பார்த்திருக்கோம்?"

அந்தக் கட்டம் வரைக்கும் ஐசக் ஒருநாளும் போனதில்லை. விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"பூஜ்யம்."

மங்கையர்க்கரசி டார்ச்சை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தார். முதலில் வந்த பச்சை லாரியை ஓரங்கட்டச் சொல்லி, ஐசக்கையும் அடியில் படுக்க வைத்தார். பின் சக்கரத்தில் பிரேக் லைனிங் முழுக்கத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா மேடம்." டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஓனர்கிட்ட சொன்னேன். வழியில யாரும் நிறுத்தல, அப்படியே ஓட்டிட்டேன்."

ஐசக் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதைப் பார்க்கறதுக்குள்ள அஞ்சு பச்சை போயிடுச்சு மேடம்."

"ஏழு."

"அதுல எது..."

"தெரியாது சார்."

"இப்படிப் பார்க்காமலே பச்சையா நிக்கறது எத்தனை கம்பெனி?"

"பாதிக்கு மேல."

ஐசக்குக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சிவப்பில் இருப்பவனையே திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கிறோம், அவன்மேலேயே திரும்பத் திரும்பக் குறை எழுதியிருக்கிறோம். எழுதாதவனை நல்லவன் என்று நம்பி மலையிறக்கத்தில் அனுப்பியிருக்கிறோம்.

"பார்க்காத வண்டிக்குப் பூஜ்யம் போட்ட புண்ணியவான் யாரு மேடம்? பேரைச் சொல்லுங்க. வெளியே உட்கார்ந்திருக்காரே, அவர்கிட்ட அந்தப் பேரையே சொல்லிடறேன். என்னால வேற எதுவும் சொல்ல முடியாது."

மங்கையர்க்கரசி கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் புள்ளிக் கணக்கு வந்த புதுசுல, பார்க்காத கம்பெனிக்குக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் கணக்குப் போட மாட்டேங்குது, என்ன போடலாம்னு மேலிருந்து போன் வந்துச்சு. நான் ஒரு லாரிக்கு அடியில கிடந்தேன். வரிசையில முப்பது வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சிட்டிருந்தாங்க. பூஜ்யம் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். போங்க சார், மங்கையர்க்கரசின்னு சொல்லுங்க."