ஆடை படிந்த டீ

சாஃப்ட்பால் பயிற்சி ஆட்டம் முடிந்திருந்தது. மைதானத்துக் குழாயடியில், எதிரணியில் பந்து வீசும் பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜெபமேரிக்கு நல்ல பந்தே போட வேண்டாம்ட்டி. தள்ளி வெளிய போட்டாப் போதும். அவளே வந்து மாட்டுவா."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற ஜெபமேரி முகம் கழுவாமலே திரும்பினாள்.

போன வருஷ இறுதி ஆட்டத்தில் அப்படித்தான் மாட்டினாள். எட்டாத பந்தைத் துரத்தி மட்டையைச் சுழற்றினாள். கோப்பை போயிற்று. கல்லூரியில் இது மூன்றாம் ஆண்டு. வருகிற சனிக்கிழமை இறுதி ஆட்டம். அவளுக்குக் கடைசி ஆட்டமும் அதுதான்.

அவள் ரிஸ்வானாவிடம் போனாள். ரிஸ்வானா அதே வகுப்பு. அடிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். பேச்சு குறைவு.

"எனக்கு அடிக்கச் சொல்லிக்குடுட்டி."

"மட்டைய வச்சிட்டு வா."

மறுநாள் காலை ரிஸ்வானா விடுதியிலிருந்து டம்ளர் நிறைய டீ கொண்டுவந்தாள். அதை ஜெபமேரியின் கையில் கொடுத்து, அடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் குந்தினாள். பந்துகள் வரத் தொடங்கின.

முதல் பந்துக்கே பாதி டீ காலணியில்.

"நான் அடிக்கவே இல்லையேட்டி."

"டீ அப்படிச் சொல்லலையே."

இரண்டாம் நாள் கால் டம்ளர் மிஞ்சியது. வடை எங்கே என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள் விரல் மட்டும் நனைந்தது.

ஐந்தாம் நாள் நாற்பது பந்து போன பிறகு குனிந்து பார்த்தாள். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அப்படியே குடித்தாள். ஆறிப்போயிருந்தது, நன்றாக இருந்தது.

"சரி, எப்ப அடிக்கணும்?"

ரிஸ்வானா டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை. கடைசிச் சுற்றுக்கு வரும்போது மூன்று ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக நின்று, பார்த்து, அடித்து, மூன்றையும் எடுத்துவிட்டார்கள். மூன்று தளத்திலும் ஆள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஓர் ஓட்டம் வேண்டும்.

ஜெபமேரி மட்டையோடு வந்தாள்.

எதிரே குழாயடிப் பெண். அவள் நான்கு பந்தை வெளியே போட்டால், அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம். எல்லாரும் ஒரு தளம் நகர, மூன்றாம் தளத்தில் நிற்கும் ரிஸ்வானா ஓட்டத்தை முடித்துவிடுவாள்.

முதல் இரண்டு பந்தும் வெளியே. மூன்றாவது நேராக வந்தது, பார்த்துக்கொண்டே விட்டாள், ஒரு தவறு. நான்காவதை அடித்தாள், பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது, அதுவும் தவறுதான். ஐந்தாவது வெளியே.

இனி ஒரே பந்து. வெளியே போனால் நான்காவது; நேராக வந்ததைத் தப்பவிட்டால் மூன்றாவது தவறு, அவுட்.

அடிட்டி, அடிட்டி என்று மைதானமே கத்தியது. ரிஸ்வானா மட்டும் தளத்தில் ஒரு காலை ஊன்றி ஓடத் தயாராக நின்றாள்.

பந்து வந்தது. போன வருஷம் வந்த அதே வழியில், கொஞ்சம் தள்ளி. அது பின்னால் கையுறைக்குள் போய்ச் சேரும்வரை ஜெபமேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்ப் பந்து என்று காட்ட நடுவரின் கை உயரவில்லை.

விளிம்புவரை நிறைந்த டம்ளரை வைப்பதுபோல மட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முதல் தளத்துக்கு நடந்தாள்.