படகோட்டிக்கு நாலு பக்க வசனம்

ஒரு நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் படகோட்டி பிறவியிலேயே வாய் பேச முடியாதவன். அந்த வேடத்தில் நடிக்க வந்த பெரிய நடிகர் ஆதவராயன் நாவலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொல்ல இயக்குநருக்கே துணிச்சல் வரவில்லை.

படப்பிடிப்பின் முதல் நாளே ஆதவராயன் வசன உதவியாளர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"எனக்கு நாலு பக்கம் வசனம் வேணும். நாவலைக் கரைச்சுக் குடிச்சவன் நான். அதுல இல்லாத ஒரு வார்த்தை வந்தாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்க சார். படகோட்டி பேசுறதுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சது? அதையே முதல்ல வச்சிடறேன்."

"அம்மா செத்ததும் பேசுவானே, அந்த இடம்தான். படிச்சிட்டு அழுதுட்டேன்."

"நானும் அழுதேன் சார்" என்றாள் செண்பகவல்லி. "பாவம், பிறவியிலேயே பேச்சு வராதவன். அம்மான்னு ஒரு தடவை கூப்பிடக்கூட முடியாம நிப்பான்."

ஆதவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மௌனத்தைத்தாம்மா பேச்சுன்னு சொன்னேன்."

"அப்படியே எழுதிடறேன் சார்."

அவள் வேலை தப்பியது. படம் முடியும்வரை ஆதவராயன் கேமரா முன்னால் வாய் திறக்கவில்லை. அந்த நடிப்புக்கு விருது கிடைத்தது. வாங்கப் போன மேடையில்தான், மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.